முடிவை நாங்களும் எழுதலாம்



பண்டத்தரிப்பில் எங்கள் தையல் வகுப்பு முடிந்ததும், தேத்தண்ணி குடித்தபடி ஒரு கதை வாசிப்பது வழக்கம். சென்ற மாதம் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வாசித்தோம். 1966இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீர் வார்த்து, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். விஷயம் வெளியே போகவில்லை.

அந்த முடிவு அன்று பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமா? அதே தாய் ஊரறியக் கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதில் கங்காவை அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். படித்து நல்ல உத்தியோகம் பார்த்தாலும் ஊர் வைத்த பெயர் அவளை விடவில்லை. அந்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1977இல் லட்சுமி நடித்துப் படமாகவும் வந்தது. பின்னர் ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று அதன் தொடர்ச்சியையும் அவர் எழுதினார்.

1966இல் ஆங்கிலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. சார்லட் புரொண்டேயின் ‘ஜேன் அயர்’ 1847இல் வந்த நாவல். அதில் மேல்மாடியில் பூட்டி வைக்கப்பட்ட ‘பைத்தியக்கார’ மனைவிக்குப் பேச வாயில்லை. கரீபியன் தீவொன்றில் பிறந்த ஜீன் ரீஸ், அந்தப் பெண்ணையே பேச வைத்துப் புதிய நாவல் எழுதினார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, “நீங்கள் எண்டால் எப்படி முடிப்பியள்?” என்று கேட்டேன்.

“தாய் மறைச்சதுதான் சரி. எங்கட சனத்தின்ர வாயை மூடேலுமோ?” என்றார் ஓர் அக்கா.

மூலையில் தைத்துக்கொண்டிருந்த தங்கச்சி தலை நிமிராமலே சொன்னாள்: “மறைச்சாலும் தாய்தான், கத்தினாலும் தாய்தான். அந்தப் பிள்ளையை ஒருத்தரும் கேக்கேல்லையே, அக்கா. என்ர கதையில அவளே சொல்லுவாள். தாய் பக்கத்தில இருப்பா.”

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. தையல் மெசினும் நின்றுவிட்டது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் கணவர் 2008இல் செல்லடியில் போனார். 2012இல் மகளின் சாமத்தியச் சடங்கில் ஆலாத்தி எடுக்கக் கூடாதென்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலே நான் குசினிக்குள் போய் நின்றேன். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். ஊர் எழுதிய முடிவுக்கு நானே கையெழுத்துப் போட்டேன்.

வருகிற தையில் அவளுக்குக் கலியாணம். சென்ற கிழமை மகளிடம், “உனக்கு ஆர் ஆலாத்தி எடுக்க வேணும்?” என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி அம்மா? நீங்கள்தான்” என்றாள்.

நடந்ததை ஒருவராலும் மாற்ற முடியாது, சகோதரிகளே. போனவர்கள் வரமாட்டார்கள். ஆனால் அதன் பிறகு வரும் பக்கங்கள் இன்னும் எழுதப்படவில்லை.

நீங்கள் வாசித்த ஒரு கதையை எடுத்து, உங்கள் மனம் கேட்கும் முடிவை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை பார்க்கமாட்டோம்.