பழைய சாமி படத்தை ஆற்றில் விடுவதற்கு முன்னால்…



கும்பாபிஷேகம் நெருங்கினா நம்ம கெடா ஆலயங்கள்ல ஒரு வேலை தவறாம நடக்கும். சுவருக்குச் சாயம் அடிக்கணும்னு பழைய சாமி படங்களைக் கழற்றுவோம். மரத்தடியில சாய்த்து வைப்போம், இல்லன்னா ஆற்றில விட்டுடுவோம். தோட்டம் மூடி லயத்தைக் காலி பண்ணினவங்க கோயிலுக்குக் கொடுத்த படங்களும் அதோட போயிடும். மங்கிய படம், உடைந்த கண்ணாடி பூஜைக்கு ஆகாதுங்கிறது சரி. ஆனா அது என்ன படம்னே பார்க்காம விடுறது சரியில்லை. இது எங்க கருத்து.

இப்போ பார்ப்பது சுலபம். நியூயார்க் மெட்ரோபோலிட்டன் அருங்காட்சியகம், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இரண்டும் தங்கள் சேகரிப்பை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. மெட்ரோபோலிட்டன், 1860 முதல் 1930 வரை அச்சான இந்து சாமி படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. நம்ம தாத்தா பாட்டி காலத்து வீடுகள்ல தொங்கின மாதிரிப் படங்கள்தான் அவை!

ரவி வர்மாவின் லட்சுமியைத் தேடி எடுங்க. அவர் 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் அந்தப் படங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. பக்கத்திலேயே ஒரு தஞ்சாவூர் ஓவியத்தைத் திறந்து வையுங்க. தஞ்சாவூரில் தங்கத் தகடும் கல்லும் மின்னும், நிழல் அதிகம் இருக்காது. ரவி வர்மாவில் நிழலும் வெளிச்சமும் விழும். அம்மன் சேலை கட்டி நேரில் நிற்பது போல இருக்கும். அடுத்து, கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வழிவந்த சிவகாசிக் காலண்டர் படத்தைப் பாருங்க. இரண்டின் சாயலும் அதில் தெரியும்.

நம்ம கோயில் படத்தையும் கைப்பேசியில கிட்டப் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்க. புள்ளிகள் வரிசையா, ஒரே சீரா இருந்தா பெரும்பாலும் பிற்கால ஆப்செட் அச்சு. ஒழுங்கில்லாம, கையால வைத்த மாதிரி இருந்தா பழைய கல்லச்சாக இருக்கலாம். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், சட்டம் அதை மறைத்திருக்கலாம். ஆனா கண்ணாடியோடு தாள் ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, கிழிந்துவிடும்.

"சாமி படத்தை ஆராய்ச்சி பண்ணலாமா?" என்று சிலர் கேட்பாங்க. கும்பிட்ட படம் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கிறதால பக்தி குறையாது. இது விலை பேசுறதுக்கும் இல்லை. ஒரே படம் ஆயிரக்கணக்கில் அச்சானது.

அருங்காட்சியகக் குறிப்பில் அச்சகம், ஆண்டு, அளவு எல்லாம் இருக்கும். ஆனா நம்ம படம் பீடோங் பக்கம் எந்த லயத்தில் தொங்கியது, கூலிமுக்கு யார் சுமந்து வந்தாங்க, எந்தக் குடும்பம் கோயிலுக்குக் கொடுத்தது? இதை எந்த நாட்டு அருங்காட்சியகமும் எழுதி வைக்காது. அது நம்ம பெரியவங்க மனசுல மட்டும்தான் இருக்கு. அவங்களும் ஒவ்வொருத்தரா போய்க்கிட்டு இருக்காங்க.

அதனால ஆலய நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள்: திருப்பணிக்கு முன்னால ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்க. ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் படம் பிடியுங்க. பெரியவங்களை உட்கார வைத்து, தோட்டத்தின் பெயரையும் கொடுத்தவர் பெயரையும் கேட்டு எழுதுங்க. இளைஞர்கள் இணையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகு ஆற்றில் விடுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு பண்ணலாம்.

உங்க கோயில்ல பழைய படம் இருந்தா கீழே பகிருங்க. எல்லாருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும். ஓம் சக்தி!