சிறிய கல்லூரியின் கோல்கீப்பரும் நாம் பார்க்காத தரவும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைக் கவனித்து வருபவர்களிடையே ஒரு விவாதம் ஆண்டுதோறும் தலைதூக்குகிறது. ஏதோ ஒரு சிறிய கல்லூரியின் கோல்கீப்பர் பருவம் முழுவதும் சிறப்பாக ஆடியிருப்பார். அவரால் மேல்மட்டத்தில் நிற்க முடியுமா என்ற கேள்வி எழும். "அந்த மட்டத்தில் ஆடியதை வைத்து எதையும் சொல்ல முடியாது" என்று உடனே பதில் வரும். அதுவரை சரிதான். ஆனால் அடுத்த மூச்சிலேயே அந்தப் பதில் "ஆகவே அவரால் முடியாது" என்று உருமாறிவிடுகிறது. முதல் கூற்று நமது அறிவின் எல்லையைப் பற்றியது. இரண்டாவது கூற்று அந்த இளைஞரின் திறமையின் எல்லையைப் பற்றியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்கு எந்த நியாயமும் இல்லை என்பதே என் வாதம்.

மொழியியல் பயின்றவர்களுக்கு இந்தத் தாவல் பழகியதுதான். ஒரு தரவுத்தொகுப்பில் ஒரு தொடரமைப்பு காணப்படவில்லை என்பதாலேயே அது அம்மொழியில் இல்லை என்று முடிவுகட்டலாகாது என்பது எங்கள் துறையின் பாலபாடம். யாருடைய பேச்சைப் பதிவுசெய்தோம், யாரை விட்டுவிட்டோம் என்பதை முதலில் கேட்க வேண்டும். கோல்கீப்பர்களைப் பற்றிய தீர்ப்புகளிலும் இதே கேள்வியைக் கேட்கத் தோன்றுகிறது.

முதலில் களத்தின் அமைப்பு. என்.சி.ஏ.ஏ. என்னும் கல்லூரி விளையாட்டு அமைப்பு தன் உறுப்பு நிறுவனங்களை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது. முதல் டிவிஷனில் பெரும் பல்கலைக்கழகங்களும் பெரும் பணமும் உள்ளன. இரண்டாம் டிவிஷன் பகுதியளவு உதவித்தொகை தருகிறது. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது. ஆனால் எண்ணிக்கையில் அதுவே மிகப் பெரியது. 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் அடங்கும். இவற்றுக்கு வெளியே, சிறிய கல்லூரிகளுக்கென்றே என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பும் இயங்குகிறது. ஆக, "சிறிய கல்லூரி" என்ற சொல் விதிவிலக்கான சிலரைக் குறிப்பதன்று. அந்நாட்டின் கல்லூரி ஆட்டக்காரர்களில் பெரும் பகுதியினர் அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

மற்ற ஆட்டக்காரர்களுக்கு இல்லாத மூன்று சிக்கல்கள் கோல்கீப்பருக்கு உண்டு.

முதலாவது, இடம் ஒன்றே ஒன்று. நடுக்களத்தில் ஆடுபவருக்கு ஓர் இடம் கிடைக்காவிட்டால் பக்கத்து இடம் உண்டு. கடைசி இருபது நிமிடங்களுக்கு மாற்று ஆட்டக்காரராக இறங்கும் வாய்ப்பும் உண்டு. கோல்கீப்பரைக் காயமோ சிவப்பு அட்டையோ இல்லாமல் ஆட்டத்தின் நடுவே பொதுவாக மாற்றுவதில்லை. எம்.எல்.எஸ். லீகில் இன்று 30 அணிகள். அப்படியானால் ஒரு வாரத்தில் களமிறங்கும் கோல்கீப்பர்களும் ஏறத்தாழ 30 பேர்தான். இரண்டாமவரும் மூன்றாமவரும் பயிற்சி மைதானத்திலேயே ஆண்டுகளைக் கழிக்கிறார்கள்.

இரண்டாவது, கோல்கீப்பர் தாமதமாகவே முதிர்கிறார். பந்து எங்கே வரும் என்பதை முன்னுணர்தல், தடுப்பாளர்களை நிறுத்துதல், எப்போது முன்னேறி வருவது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்று முடிவெடுத்தல் ஆகியவையெல்லாம் ஆடி ஆடித்தான் வரும். முப்பதைத் தாண்டிய பிறகு உச்சத்தைத் தொட்டவர்கள் இத்துறையில் பலர். ஆனால் தேர்வு முறையோ பதினான்கு, பதினைந்து வயதில் தொடங்கி இருபத்திரண்டில் கதவை அடைத்துவிடுகிறது. விளையும் முன்பே அறுவடைக் கணக்கை முடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

மூன்றாவது, எண்கள் ஏமாற்றும். கோல் விடாத ஆட்டங்கள் எத்தனை என்ற கணக்கு பெரும்பாலும் தடுப்பாட்டக்காரர்களின் தரத்தையே அளக்கிறது. தடுத்த விகிதம் அதைவிட மேலானது போலத் தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். வலுவான அணியின் கோல்கீப்பர் ஒருவர் ஆட்டத்துக்கு 2 உதைகள் வீதம் 20 ஆட்டங்களில் 40 உதைகளைச் சந்திக்கிறார். 32ஐத் தடுத்தால் 80 சதவீதம். 30ஐத் தடுத்தால் 75 சதவீதம். ஒரு முழுப் பருவத்தில் இரண்டே இரண்டு பந்துகள்தாம் "சிறந்தவ"ரையும் "சராசரி"யையும் பிரிக்கின்றன. 40 உதைகள் மட்டுமே உள்ள மாதிரியில் வெறும் தற்செயலே இந்த விகிதத்தை ஆறேழு புள்ளிகள் மேலோ கீழோ தள்ளிவிடக்கூடும். உதை எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது, கம்பத்தின் ஓரமா நடுவா என்பதெல்லாம் இந்த விகிதத்தில் இல்லை. பெரிய லீக்குகளில் ஒவ்வோர் உதையையும் குறியிட்டு, அது கோலாகும் வாய்ப்பைக் கணக்கிட்டு, அதனோடு ஒப்பிட்டுக் கோல்கீப்பரை மதிப்பிடுகிறார்கள். சிறிய கல்லூரியின் ஆட்டத்துக்கு அத்தகைய பதிவு பெரும்பாலும் கிடையாது. ஒரே ஒரு நிலைக் கேமராவின் காணொளி இருந்தாலே பெரிது.

ஆக, "சொல்ல முடியாது" என்பது உண்மை. பெரிய கல்லூரியின் கோல்கீப்பரைப் பற்றியும் அதே காரணங்களால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது என்பதும் உண்மையே. ஆனால் அங்கே நிறுவனத்தின் பெயர் வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறது.

இரண்டு வாழ்க்கைகளைப் பார்ப்போம். மார்க்கஸ் ஹானமன் சியாட்டில் பசிபிக் என்ற சிறிய கிறித்தவப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் டிவிஷனில் ஆடியவர். அவ்வணி 1993இல் அந்த டிவிஷனின் தேசியப் பட்டத்தை வென்றது. பிறகு உள்ளூர் சியாட்டில் சவுண்டர்ஸ், கொலராடோ ரேபிட்ஸ், இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் என்று நகர்ந்தார். ஃபுல்ஹாமில் பெரும்பாலும் காத்திருப்புதான். 2002இல் ரெடிங் அணிக்குச் சென்ற பின்னரே நிலையான இடம் கிடைத்தது. அவ்வணி 2005-06 பருவத்தில் 106 புள்ளிகளுடன் இரண்டாம் நிலை லீகை வென்று பிரீமியர் லீகுக்கு உயர்ந்தபோது கோலைக் காத்தவர் அவர். 2006, 2010 உலகக்கோப்பைகளில் அமெரிக்க அணியில் இடம்பெற்றார். கல்லூரியை முடித்ததற்கும் பிரீமியர் லீகில் முதன்மைக் கோல்கீப்பராக நின்றதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

மேட் டர்னரின் கதை பலரும் அறிந்தது. பேஸ்பாலும் கூடைப்பந்தும் ஆடிவந்தவர், உயர்நிலைப் பள்ளியில்தான் கால்பந்துக்கு வந்தார். கனெக்டிகட்டின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகம் முதல் டிவிஷனைச் சேர்ந்ததுதான். ஆனால் கால்பந்தில் பெயர்பெற்ற நிறுவனம் அல்ல. 2013இல் கம்பத்தில் பட்டு எழும்பிய பந்தைப் பிடிக்கப்போய்த் தாமே கோலுக்குள் தட்டிவிட்ட காணொளி நாடெங்கும் சிரிப்புக்கு இடமானது. 2016 எம்.எல்.எஸ். டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. நியூ இங்கிலாந்து ரெவலூஷன் அணி தகுதிச் சோதனைக்கு அழைத்துப் பின்னர்ச் சேர்த்துக்கொண்டது. ஆட்ட அனுபவத்துக்காகக் கீழ்மட்டத்தின் ரிச்மண்ட் கிக்கர்ஸ் அணிக்கு அனுப்பியது. 2021இல் லீகின் சிறந்த கோல்கீப்பர் விருது, 2022இல் ஆர்சனல், அதே ஆண்டு கத்தார் உலகக்கோப்பையில் அமெரிக்காவின் நான்கு ஆட்டங்களிலும் களத்தில் நின்றார். இங்கிலாந்தும் ஈரானும் அவரைக் கடந்து ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

இந்த இருவரை வைத்துச் சிறிய கல்லூரிகளில் மாணிக்கங்கள் கொட்டிக்கிடக்கின்றன என்று நான் வாதிடவில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணுவதும் ஒருவகைத் தரவுப் பிழையே. என் கூற்று இதைவிடச் சிறியது. கல்லூரியின் மட்டம் ஒருவரது உச்சவரம்பைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இவர்கள் சான்று. இருவருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு. யாரோ ஒருவர் நேரில் பார்க்க முன்வந்தார். அதன்பின் தவறுகள் செய்து கற்றுக்கொள்ள ஒரு நடுமட்ட அணி இடம் கொடுத்தது. இவ்விரண்டும் வாய்க்காமல் போனவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுள் எத்தனை பேர் தகுதியுடையவர்கள் என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டே அறியவும் முடியாது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். மேல்மட்டத்தில் உதையின் வேகம் வேறு. குறுக்கே வரும் பந்துக்கான நெரிசல் வேறு. சொந்த அணியினர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்த பிறகு, கோல்கீப்பர் காலாலும் ஆட்டத்தைக் கட்ட வேண்டியவராகிவிட்டார். சில மாதங்களில் முடிந்துவிடும் கல்லூரிப் பருவமும் பகுதிநேரப் பயிற்றுநரும் இதற்குப் போதா. டர்னரே ஐரோப்பாவுக்குச் சென்ற பின் கால் ஆட்டத்துக்காகத்தான் அதிகம் விமர்சிக்கப்பட்டார். ஆயிரக்கணக்கானோரை நேரில் பார்க்க எந்த அணியிடமும் ஆளோ பணமோ இல்லை. ஆதலால் நிறுவனத்தின் பெயர் ஒரு மலிவான சல்லடை என்பார்கள்.

இவ்வாதத்தின் முதல் பகுதியை ஏற்கிறேன். அவை பயிற்சியின் குறைகள். பயிற்சியாலேயே பெருமளவு தீரக்கூடியவை. இரண்டாம் பகுதியைத்தான் ஏற்க முடியவில்லை. மலிவான சல்லடை, முதல் சுற்றில் யாரை முன்னதாகப் பார்ப்பது என்று வரிசைப்படுத்த உதவலாம். யாரைப் பார்க்கவே வேண்டாம் என்று முடிவுசெய்ய உதவாது. இப்போது அணிகள் சொந்த அகாடமிகளிலிருந்தே ஆட்களை எடுப்பதால் கல்லூரி வழி மேலும் ஒடுங்கிவருகிறது. மறுபுறம், 2018இல் என்.சி.ஏ.ஏ. கொண்டுவந்த இடமாற்றப் பதிவு முறை சிறிய கல்லூரியிலிருந்து பெரிய நிறுவனத்துக்கு மாறுவதை எளிதாக்கியிருக்கிறது. அது நன்மையே. எனினும் திறமை எங்கே உருவானதோ அந்த இடத்துக்குப் பெயர் கிடைக்காமல், கடைசியாக முத்திரை குத்திய இடத்துக்கே பெயர் சேரும் வழக்கத்தையும் அது உறுதிப்படுத்துகிறது.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இது கால்பந்தோடு நிற்கும் செய்தி அல்ல. அதே அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களைப் பற்றி 2022இல் நேச்சர் இதழ் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியப் பணியில் இருப்பவர்களுள் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் வெறும் 20 சதவீதப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள் என்று காட்டியது. அந்த 20 சதவீதத்துக்குள்தான் எல்லாத் திறமையும் குடியிருக்கிறது என்று நம்மில் யார் நெஞ்சறியச் சொல்வோம்? நம் நாட்டிலும் இணைப்புக் கல்லூரியில் படித்துவிட்டு ஆய்வுக்கு வரும் மாணவரின் விண்ணப்பத்தில் நம் கண் முதலில் எங்கே விழுகிறது என்பதை நாமறிவோம். கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே கல்லூரியின் பெயரைப் படித்துவிடுகிறோம்.

இறுதியாக, சிறிய கல்லூரியில் கோலைக் காக்கும் மாணவருக்கு நாம் என்ன சொல்ல வேண்டும்? "கனவு காண், நடக்கும்" என்பது பொய். பெரும்பாலோருக்கு நடக்காது, இடங்களின் எண்ணிக்கையே அதைச் சொல்லிவிடுகிறது. "உன் மட்டம் இவ்வளவுதான்" என்பதும் பொய்யே. அதைச் சொல்வதற்கான தரவு நம்மிடம் இல்லை. நேர்மையான அறிவுரை இப்படித்தான் இருக்க முடியும்: முழு ஆட்டங்களின் காணொளிகளைச் சேர்த்து வை, நல்ல தடுப்புகளை மட்டும் வெட்டி ஒட்டாதே, கால் ஆட்டத்தைப் பழகு, திறந்த தகுதிச் சோதனைகளுக்குச் செல், பட்டப்படிப்பை விடாதே. மூன்றாம் டிவிஷனில் நான்காண்டு ஆடிவிட்டு இருபத்திரண்டு வயதில் கையுறையைக் கழற்றி வைப்பவர் தோற்றவர் அல்லர். உதவித்தொகையின்றி, பார்வையாளர் கூட்டமின்றி, ஆட்டத்துக்காகவே ஆடியவர் அவர்.

தேர்வுசெய்யும் இருக்கையில் அமர்ந்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒருவரை நிராகரிக்கும்போது காரணத்தைச் சரியாக எழுதுங்கள். பார்த்தபின் போதாது என்று கண்டீர்களா, அல்லது பார்க்கவே இல்லையா? இரண்டாவதுதான் காரணம் என்றால் அதை அப்படியே குறிப்பில் எழுதிவையுங்கள். அப்படி எழுதப்பட்ட குறிப்புகள் எத்தனை சேர்கின்றன என்று ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். விவாதத்தை அங்கிருந்து தொடரலாம்.