எஞ்சினுக்குப் பவுடரா, பெயிண்டா?

மக்களே, இன்னிக்கு சினிமா, அரசியல், மொக்கைக் கவிதை எதுவும் கிடையாது. சுத்தமான கிரீஸ் மேட்டர். அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம் :-)

பழைய ஜீப், அம்பாசடர், புல்லட்னு எதையாவது வாங்கி வீட்டு வாசல்ல போட்டு உருட்டிக்கிட்டு இருக்குற நம்ம தேனிப் பக்கத்துப் பசங்ககிட்ட இப்போ ஒரு வியாதி பரவியிருக்கு. எஞ்சினைப் பிரிச்ச உடனே, "எல்லாத்தையும் பவுடர் கோட்டிங் குடுத்துரு மாப்ள, ஆயுசுக்கும் பிரச்சினை இல்ல"ங்கிறாங்க. இந்த 'ஆயுசுக்கும்'ங்கிற வார்த்தைதான் எனக்கு இடிக்குது.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். கழட்டி மாட்டுற எஞ்சின் சாமானுக்குப் பெயிண்ட். கழட்டாத, கல்லடி படுற சாமானுக்குப் பவுடர். அம்புட்டுதான். எது 'பெஸ்ட்'ங்கிறது கேள்வியே இல்ல. நாளைக்கு அது பேந்துபோனா, நம்ம வீட்டு வாசல்லயே அதைச் சரிபண்ண முடியுமாங்கிறதுதான் கேள்வி.

முதல்ல பவுடருக்கு உண்டான மரியாதையைக் குடுத்துடுவோம். சாமானைக் கழுவி, துரு எடுத்து, பாஸ்பேட் தண்ணியில முக்கி, காயவச்சு, மின்சாரம் ஏத்தின பவுடரை கன்ல தூவுறாங்க. எர்த் பண்ணின இரும்புல பவுடர் தானா போய் ஒட்டிக்கும். அப்புறம் அவன்ல வச்சு 180-லருந்து 200 டிகிரி வரைக்கும் சூடு பண்ணினா உருகி ஒரே தோலா இறுகிடும். தின்னர் நாத்தம் கிடையாது. ஒழுகல், வழிசல் கிடையாது. ஒரே தடவையில 60, 80 மைக்ரான் கனம் வந்துடும். நல்லாப் போட்ட பவுடரை டீசல் ஒண்ணும் பண்ணாது. கடையில விக்கிற சாதா ஸ்ப்ரே டப்பா பெயிண்ட் மேல ஒரு சொட்டு பெட்ரோல் விழுந்தாலே குழகுழன்னு ஆயிடும். இதெல்லாம் உண்மை. மறுக்கலை.

ஆனா நம்ம ஊர்ல பவுடர் கோட்டிங் கடைக்கு முக்கால்வாசி வர்றது என்ன? ஜன்னல் கிரில், கேட், பீரோ, கட்டில். கிரில்லுக்கு 'இந்த இடத்துல பவுடர் படக்கூடாது'ன்னு ஒரு இடம் உண்டா? கிடையாது. எஞ்சின் சாமான்ல அப்படிப்பட்ட இடம்தான் ஜாஸ்தி. பேக்கிங் உக்கார்ற முகம், போல்ட் மரை, பேரிங் வீடு, எர்த் ஒயர் மாட்டுற காது, எல்லாத்தையும் சூடு தாங்குற டேப்பும் சிலிக்கான் மூடியும் போட்டு மறைக்கணும். மறைக்காம விட்டா, பேக்கிங் சரியா உக்காராம ஆயில் கசியும். பவுடர் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால எர்த் கிடைக்காது. போல்ட் தலைக்கு அடியில கனமான தோல் இருந்தா, சூட்டுலயும் அதிர்வுலயும் அது நசுங்கி, இறுக்கின போல்ட் தளரும். நாம டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கினது இரும்பையா, பிளாஸ்டிக்கையா?

அடுத்தது மணல். பவுடருக்கு முன்னாடி சாமானை வெள்ளையா ஆக்கணும்னு மணலோ கிரிட்டோ அடிப்பாங்க. கேட்டுக்கு அடிச்சா ஒரு கவலையும் இல்ல. டாப்பெட் கவருக்குள்ள பிரீதர் தகடுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்ச மணல் எத்தனை தடவை கழுவினாலும் முழுசா வராது. வண்டி ஓடி ஆயில் சூடானப்புறம் சாவகாசமா இறங்கி வரும். கிராங்க் பேரிங் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்குக்குப் பக்கம். அதுல ஒரு மணல் போய் உக்காந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அழகுக்கு ஆசைப்பட்டு எஞ்சினையே காவு குடுக்குற கதை.

இன்னொண்ணு, பழைய அலுமினிய வார்ப்பு. அது பஞ்சு மாதிரி, வருஷக்கணக்கா குடிச்ச ஆயில் அதோட நுண்துளையில இருக்கும். அவன்ல வச்ச உடனே அந்த ஆயிலும் காத்தும் வெளிய வந்து, பவுடர் மேல கொப்புளம் கொப்புளமா நிக்கும். அதுக்குத்தான் தெரிஞ்சவங்க வெறும் சாமானை ஒரு தடவை சூடு பண்ணி, மறுபடி துடைச்சு, அப்புறம் தூவுவாங்க. கிரில் அவசரத்துல இருக்குற கடையில இதை எதிர்பார்க்க முடியுமா?

"அப்போ வீட்டுலயே பவுடர் போட்டுக்குறேன், சின்ன கன் ஆன்லைன்ல கிடைக்குது, அம்மா வச்சிருக்குற ஓடிஜி இருக்கு"ன்னு ஒரு குரூப் கிளம்பும். சாமி, வேணாம். பவுடர் வேகுற அவன்ல அப்புறம் சோறு, கேக் எதுவும் வேகக்கூடாது. மூடின ரூம்ல காத்துல மிதக்குற பவுடர் தீப்பொறி பட்டா குப்புன்னு பத்தும். இதெல்லாம் போக, ஜீப்போட ஆயில் சம்ப் அந்த ஓடிஜிக்குள்ள நுழையவே நுழையாது :-)

இப்போ நம்ம பள்ளத்தாக்குக்கு வர்றேன். இங்க ஜீப்புங்கிறது ஷோ ரூம் சாமான் இல்ல. கம்பம், கூடலூர், தேவாரம், போடின்னு விடியறதுக்கு முன்னாடியே ஆளேத்திக்கிட்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியா இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு ஏறுற வண்டி. போடிமெட்டு ரோட்டுல மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. கீழ வெக்கை, மேல பனியும் சாரலும். பழைய 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சின் போட்ட மகிந்திராவுல இருந்து, பின்னாடி வந்த டிஐ எஞ்சின் வரைக்கும் எல்லாமே முதல் கியர், ரெண்டாம் கியர்ல முக்கி முனகி ஏறுது. டாப்பெட் செட் பண்ண, பேக்கிங் மாத்த, ஆயில் சீல் மாத்தன்னு அந்த எஞ்சின் அடிக்கடி திறக்கப்படும். ஸ்பேனர் ஒரு தடவை சறுக்கினா பவுடர் தெறிக்கும். தெறிச்ச ஓட்டை வழியா ஈரம் உள்ள போய், மேல தோல் பளபளன்னு இருக்க, அடியில துரு ஊர்ந்துக்கிட்டே போகும். அதை ஒட்டுப்போட வழியில்ல. மொத்தத்தையும் உரிச்சு, மறுபடி வேகவைக்கணும். அதுவரைக்கும் வண்டி?

வண்டி ஒரு நாள் நின்னா டிரைவர் அண்ணனுக்கு மட்டும் நட்டமில்ல. பின்னாடி உக்காந்து போற அத்தனை அக்காமாருக்கும் அன்னிக்குக் கூலி போச்சு.

பெயிண்ட் அப்படியில்ல. பேந்த இடத்தை வயர் பிரஷ்ல தேய்ச்சு, தின்னர்ல துடைச்சு, பிரஷ்ஷாலேயே ஒரு இழு. மறுநாள் காலையில வண்டி மலையேறிடும். பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, பெயிண்டுக்கு அன்டூ உண்டு. பவுடருக்குக் கிடையாது.

பழைய மெக்கானிக்குங்க எஞ்சினுக்கு வெளுத்த சாம்பலோ சில்வரோ அடிக்கச் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. மெல்லிசான வெளிர் பெயிண்ட்ல ஆயில் கசிவும் மயிரிழை விரிசலும் டார்ச் அடிச்சா தெரிஞ்சிடும். கனமான கறுப்புத் தோல் அதையெல்லாம் மூடி மறைச்சிடும். மலை ரோட்டுல நமக்கு வேண்டியது அழகான எஞ்சின் இல்ல, நோயைச் சொல்ற எஞ்சின்.

வீட்டுல செய்யறவங்களுக்கு என் ரெசிபி: டீசல் போட்டு ஊறவச்சுக் கழுவு, அப்புறம் சோப்புத் தண்ணி. (அலுமினியத்துக்கு காஸ்டிக் சோடா மட்டும் வேணாம், தின்னுடும்.) காயவச்சு, துருவை பிரஷ்ஷாலயும் உப்புத்தாளாலயும் எடு. மறைக்க வேண்டியதை டேப் ஒட்டி மறை. கடைசியா தின்னர் துணியில துடைச்சிட்டு கையால தொடாதே, விரல்ல இருக்குற எண்ணெயே பெயிண்டைத் தூக்கிடும். பிரைமர், அது மேல சூடு தாங்குற எனாமல், மெல்லிசா ரெண்டு கோட்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மட்டும் சிலிக்கான் அலுமினிய பெயிண்ட். ஏத்தத்துல அந்த இடம் போற சூட்டுக்கு சாதா பெயிண்டும் நிக்காது, 200 டிகிரியில வெந்த சாதா பவுடரும் நிக்காது. ரெண்டு டப்பா கலக்குற பியு பெயிண்ட் ஸ்ப்ரே பண்றதா இருந்தா, ஹார்டனர்ல இருக்குற ஐசோசயனேட் நுரையீரலுக்கு எமன். கர்ச்சீப் கட்டிக்கிட்டு அதை அடிக்காதீங்க, பட்டறைக்குக் குடுத்துடுங்க.

எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் பக்கம் எதையுமே கனமா பூசாதீங்க. மணல் அடிச்சு, பவுடர் ரொப்பி நம்பர் தெரியாம போனா, எப்.சி. அன்னிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல யாரும் உங்க பளபளப்பை ரசிக்க மாட்டாங்க.

பவுடர் எங்க போடலாம்? பம்பர், மேல் கேரியர், சீட் சட்டம், ஃபுட் போர்டு, பேட்டரி தட்டு. இதுக்கெல்லாம் நம்ம கிரில் கடையே போதும், தாராளமா குடுங்க.

'ஆயுசுக்கும்'னு ஒரு கோட்டிங்கும் கிடையாதுங்க. இந்த மலையில ஓடுற வண்டிக்கு எது பூசினாலும் ஒரு நாள் பேந்துதான் தீரும். அன்னிக்கு நம்ம கையில இருக்குற பிரஷ்ஷும் தின்னரும் போதுமான்னு பார்த்து இன்னிக்கே முடிவு பண்ணிக்கங்க.

டிஸ்கி: பவுடர் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம். பேக்கிங் முகத்தை எப்படி மறைச்சீங்கன்னு மட்டும் மறக்காம சொல்லிட்டுப் போங்க :-)