வாசலில் நிகழும் உரையாடல்

கேரளத்தின் குட்டநாட்டில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகள் கூட்டமாக மேயும். அந்நீர்நிலைகளை நாடி வலசைப் பறவைகளும் வரும். 2014ஆம் ஆண்டு நவம்பரிலும் 2024ஆம் ஆண்டு ஏப்ரலிலும் ஆலப்புழை மாவட்டத்து வாத்துகளிடையே எச்5என்1 பறவைக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழிப்பது நடைமுறை. நலமாகத் திரியும் வீட்டுக்கோழியும் அதற்கு விலக்கன்று.

அவ்வேளையில் வீடுவீடாகச் சென்று காய்ச்சல் கண்டவர் உளரா எனக் கேட்டறிபவர் ஆஷா பணியாளர். அவரும் அவ்வூர்ப் பெண்ணே. துண்டறிக்கையை வாசித்துவிட்டு அவர் அடுத்த வீட்டிற்கு நகர்ந்துவிட இயலாது. “நன்றாயிருக்கும் கோழியை ஏன் கொல்ல வேண்டும்?” என்று வீட்டுத்தலைவி கேட்பார். நியாயமான கேள்விதான், முட்டை விற்ற காசு அவருடைய சொந்தக் காசு. அவ்விழப்பைக் காதுகொடுத்துக் கேளாமல் அறிவுரையைத் தொடங்கினால், இரவோடிரவாகக் கோழிகள் உறவினர் வீட்டிற்குப் போய்விடக்கூடும். நோயும் உடன் போகும். வாத்து, நோயின் அறிகுறி எதுவும் காட்டாமலேயே கிருமியைச் சுமந்து எச்சத்தின்வழிப் பரப்ப வல்லது என்பதை, கேட்டபின் சொன்னால் அவர் விளங்கிக்கொள்வார்.

இந்நோய் மனிதரை எளிதில் தொற்றுவதில்லை, தொற்றினாலோ கொடியது. 1997இல் ஹாங்காங்கில் நோயுற்ற 18 பேரில் 6 பேர் இறந்தனர். முதல் உண்மையை மட்டும் சொன்னால் செத்த பறவையை வெறுங்கையால் எடுப்பர். இரண்டாவதை மட்டும் சொன்னால் அஞ்சிக் காய்ச்சலையே மறைப்பர். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. சொல்லும் மொழியும் வீட்டிற்கு ஏற்றதாதல் வேண்டும். 70 பாகை செல்சியசு என்பதைவிட, ‘மஞ்சட்கரு கெட்டியாகும்வரை வேகட்டும்’ என்பது அடுக்களைக்குப் பொருந்தும்.

எனினும், “இழப்பீடு எப்போது வரும்?” என்னும் கேள்விக்கு அவரிடம் விடையில்லை. அது வேறொரு துறையின் பொறுப்பு. தம்மால் நிறைவேற்ற இயலாத வாக்கை அவர் அளித்தலாகாது. பறவைகளின் எண்ணிக்கையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லலாம். பணம் தாமதமானால் அடுத்த முறை அதே வாசலில் நின்று பேச வேண்டியவர் அவரே. ஆணை பிறப்பித்த அலுவலர் அல்லர். ஆதலின், பறவைகளைப் பிடிக்க ஆள் வருமுன்னரே, இழப்பீட்டுத் தொகையும் அது வழங்கப்படும் நாளும் குறித்த தாளொன்றை அரசு அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.