சுமப்பவனை மறந்த நாடு

கானாடுகாத்தான் தெருக்களில் நடப்போர் அங்குள்ள வளமனைகளின் தூண்களையும் கதவுகளையும் கண்டு வியப்பர். அத்தேக்கு பர்மாக் காட்டில் வளர்ந்தது. சலவைக்கல் இத்தாலியில் வெட்டப்பெற்றது. இவ்வறண்ட மண்ணில் கிடைக்காத அவையெல்லாம் கடல் கடந்து, கரையேறி, மாட்டு வண்டியிலும் கூலியாளின் தோளிலும் இவ்வூர் வந்து சேர்ந்தன. கட்டியவர் பெயரை ஊர் சொல்லும். சுமந்தவர் பெயரைச் சொல்வார் எவருமிலர்!

பொருள் விளைவது ஓரிடம், வேண்டப்படுவது வேறோரிடம். இரண்டையும் இணைப்பது போக்குவரவு. உழவன் விளைத்த நெல்லும் நெசவாளி நெய்த துணியும் பிறந்த இடத்திலேயே கிடப்பின் அவை நாட்டின் செல்வமாகா. ஆகவே, ஊர்தி எவன் கையிலோ, வாணிகத்தின் குடுமியும் அவன் கையிலேயே!

இதனை உணர்ந்தே வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். ஆங்கிலக் குழுமம் கட்டணத்தைக் குறைத்து அவரை வீழ்த்த முனைந்தது. 1908-இல் ஆங்கில ஆட்சி அவரைச் சிறையில் தள்ளியது. செட்டிநாட்டார் பர்மாவில் பெரும்பொருள் ஈட்டிய காலத்தும் கப்பல்கள் பெரும்பாலும் அயலாருடையனவாகவே இருந்தன. 1942-இல் சப்பானியப் படை அங்குப் புகுந்தபோது கப்பலில் இடம் பெற்றோர் சிலரே. தமிழர் உள்ளிட்ட இலக்கக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர்.

அயலார் ஊர்தியை நம்பிய அக்காலம் போயிற்று. 1972 முதல் தமிழ்நாட்டில் பேருந்துகள் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் வழி மக்கள் உடைமையாயின. 1983-இல் காரைக்குடியிலும் மருதுபாண்டியர் பெயரால் ஒரு கழகம் அமைந்தது. ஊர்திக்குப் 'பேருந்து' என்றும், உழைப்பாளர்க்கு 'ஓட்டுநர்', 'நடத்துநர்' என்றும் நல்ல தமிழ்ப் பெயர்கள் நிலைத்தன. பெயரைத் தந்தோம், வாழ்வைத் தந்தோமா?

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனரே, எதற்காக? ஓய்வு பெற்றோர்க்குரிய அகவிலைப்படியைக் கொடுங்கள்; ஒழிந்து கிடக்கும் பணியிடங்களை நிரப்புங்கள் என்பவை அவர்தம் வேண்டுகைகளுள் அடங்கும். இவை இரப்பா? இல்லை, உழைத்தவனின் உரிமை!

கழகங்கள் இழப்பில் ஓடுகின்றன என்பார்க்கு ஒன்று கூறுவோம். சிற்றூர்ப் பேருந்தில் ஏறும் மாணவன் கற்கிறான். 2021 முதல் நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லும் பெண் வேலைக்குப் போகிறாள். நோயாளி மருத்துவமனை சேர்கிறார். இவ்வூதியத்தை எந்தக் கணக்கேட்டில் எழுதினீர்கள்? பள்ளிக்கூடத்தை இழப்பென மூடுவோமா? பேருந்தும் அத்தகையதே. மக்களுக்காக ஏற்கும் செலவை அரசே முழுமையாக ஏற்க வேண்டும். அதை ஓட்டுநரின் ஓய்வூதியத்திலிருந்து பறித்தல் அறமன்று.

தமிழர்களே! வளமனையை வியக்கும் கண், அதன் தூணைச் சுமந்த தோளையும் காணட்டும். சுமப்பவன் சாய்ந்தால் நாடு நகராது!