கூலிக்குத் தனிச் சட்டம் வேண்டும்

முதல் உலகப் போரில், 1917 வசந்தத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனுக்கு வந்த கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்தன. தனக்கு வேண்டிய கோதுமையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இறக்குமதி செய்த நாடு அது. அரசு அவசரமாகத் தானிய உற்பத்திச் சட்டம் இயற்றியது. கோதுமை, ஓட்ஸ் பயிரிடும் பண்ணைக்காரருக்கு விலை உத்தரவாதம். வயலில் உழைக்கும் ஆணுக்கு வாரம் 25 ஷில்லிங் குறைந்தபட்சக் கூலி. மேற்கொண்டு கூலியை நிர்ணயிக்க ஒரு கூலி வாரியம். விவசாயத் தொழிலாளிக்கு அந்த நாடு சட்டப்படி குறைந்தபட்சக் கூலி விதித்தது அப்போதுதான். நல்ல தொடக்கம். ஆனால் கூலியை விலையோடு ஒரே முடிச்சில் கட்டியது பெரும் தவறு. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் உழவுக் கூலிக்குத் தனிச் சட்டமே வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆள் பற்றாக்குறையே கூலியை உயர்த்திவிடும், சட்டம் எதற்கு என்று அப்போதும் கேட்டார்கள். பேரம் பேசும் சுதந்திரம் இருந்தால் அந்த வாதம் நிற்கும். 1916 முதல் கட்டாய ராணுவ சேவை நடப்பில் இருந்தது. பண்ணை வேலையில் நீடிக்கும்வரைதான் விலக்கு. முதலாளியோடு மனத்தாங்கல் வந்து வேலை போனால் அடுத்தது பதுங்குகுழி. குடியிருந்த வீடும் பெரும்பாலும் பண்ணைக்காரருடையதே. வேலை போன அன்றே மனைவி மக்களோடு கூரையும் போகும். இப்படிக் கைகட்டி நிற்பவன் எந்தச் சந்தையில் பேரம் பேசுவான்? அவன் விலகிப்போகும் வழியை அடைத்த அரசுக்கு, அவன் வயிற்றுக்குப் பொறுப்பேற்கும் கடமையும் உண்டு. அந்தக் கடமை அரைகுறையாகவே நிறைவேறியது. 30 ஷில்லிங் வேண்டும் என்ற தொழிற்கட்சியின் திருத்தம் நாடாளுமன்றத்தில் தோற்றது. 1914உடன் ஒப்பிட்டால் உணவு விலை இரு மடங்காகியிருந்த நிலையில், 25 ஷில்லிங்குக்குப் போருக்கு முந்தைய 18 ஷில்லிங் அளவுக்குக்கூட வாங்கும் சக்தி இல்லை. கூலி ஏறினால் ரொட்டி விலை ஏறும் என்றவர்கள், ரொட்டி விலை முன்பே ஏறிவிட்டதைப் பேசவில்லை.

வாரியம் பிறகு கூலியைப் படிப்படியாக உயர்த்தியது. 1920இல் அது 46 ஷில்லிங். மறு ஆண்டே தானிய விலை சரிந்தது. உத்தரவாதத் தொகைக்குக் கோடிக்கணக்கில் செலவாகும் என்று அஞ்சிய அரசு சட்டத்தையே ரத்து செய்தது. அதோடு வாரியமும் போயிற்று. கருவூலத்துக்குச் சுமையாக இருந்தது விலை உத்தரவாதம்தான். கூலி வாரியத்தால் அதற்குப் பெரும் செலவு இல்லை. ஆனாலும் இரண்டையும் சேர்த்தே வெட்டினார்கள். இரண்டாண்டுக்குள் கூலி பல மாவட்டங்களில் 30 ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது. 1923இல் நார்ஃபோக் மாவட்டப் பண்ணைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

விலை வீழ்ந்தால் பண்ணைக்காரர் எங்கிருந்து கொடுப்பார் என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. அவர்களில் பலர் உண்மையாகவே நொடித்துப்போனார்கள். ஆனால் 1924இல் விலை உத்தரவாதம் எதுவும் இல்லாமலே கூலிக் குழுக்கள் மீண்டும் அமைந்தன. 1930களின் கடும் மந்தத்திலும் சராசரிக் கூலி 30 ஷில்லிங்கை ஒட்டியே நின்றது, உழவும் நடந்தது. அடுத்த போரில், 1940இல், தொழிலாளர் பண்ணையைவிட்டு வேறு வேலைக்குப் போவதைத் தடுத்த அரசு, நாடு முழுவதற்கும் 48 ஷில்லிங் என்று வரம்பு வைத்தது. போர் முடிந்ததும் விலைக்கு 1947இல் ஒரு சட்டம், கூலிக்கு 1948இல் வேறொரு சட்டம். இங்கிலாந்தில் இந்த 1948 சட்டத்தின் கூலி வாரியம் 2013 வரை நீடித்தது. இன்று போரைச் சொல்லி உரத்துக்கும் கொள்முதல் விலைக்கும் நிதி ஒதுக்கும் அரசுகள், நாற்று நடுபவர், அறுப்பவர் கூலியையும் அதேபோல் தனிச் சட்டமாக, போர் முடிந்தால் காலாவதியாகாத சட்டமாக எழுத வேண்டும்.