ஓட்டு வாங்கித் தந்த கல்லூரி

கல்லூரித் தலைவர் ஒருவர் தம் கடிகாரத்தை அடகு வைத்தார். கிடைத்தது 15 டாலர். எதற்கு அந்தப் பணம்? செங்கல் சூளை போட!

அமெரிக்காவில் அலபாமா மாநிலம். டஸ்கீகி என்ற சிற்றூர். கறுப்பர்களுக்காக அங்கே ஒரு தொழிற்கல்லூரி 1881-ல் தொடங்கியது. அதன் தலைவர் புக்கர் வாஷிங்டன். அப்போது அவருக்கு வயது 25.

பிறந்தபோது அவர் அடிமை. அடிமை முறை ஒழிந்தபோது 9 வயதுப் பையன். உப்பு காய்ச்சும் இடத்திலும், நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போனவர். பள்ளியில் இடம் கேட்டால், கையில் துடைப்பத்தைக் கொடுத்து அறையைக் கூட்டச் சொன்னார்கள். மூன்று தடவை கூட்டினார். நான்கு தடவை தூசி துடைத்தார். அதுதான் நுழைவுத் தேர்வு. பாஸ்!

டஸ்கீகிக்கு அரசு கொடுத்தது ஆண்டுக்கு 2,000 டாலர். அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலம் கிடையாது. கட்டடம் கிடையாது. 500 டாலர் விலையில் ஒரு பழைய பண்ணையைப் பேசி முடித்தார். பாதிப் பணம் கடன்.

கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டுமே? ஊரில் சூளையே இல்லை. மாணவர்கள் முழங்கால் அளவு சேற்றில் நின்று கல் அறுத்தார்கள். முதல் சூளை சரியாக வேகவில்லை. இரண்டாவதும் போச்சு. மூன்றாவது, வெந்து முடிகிற சமயத்தில் நடுராத்திரியில் சரிந்து விழுந்தது. அப்போதுதான் கடிகாரம் அடகுக்கடைக்குப் போயிற்று. நான்காவது சூளை வெந்தது. கடிகாரம் மட்டும் திரும்பி வரவில்லை.

இருபது வருடத்துக்குள், ஒரு பருவத்தில் 12 லட்சம் செங்கல் அறுக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். 40 கட்டடம் நின்றது. நான்கு தவிர மற்றதெல்லாம் மாணவர்கள் கைவேலை. வெள்ளைக்காரர்களே வந்து காசு கொடுத்துச் செங்கல் வாங்கிப் போனார்கள்.

படிக்க அனுப்பின பிள்ளையை மண் சுமக்க வைப்பதா என்று பெற்றோர் பலர் புகார் செய்தார்கள். உத்தியோகம் என்றால் நாற்காலி என்று நினைப்பவர்கள் எந்த நாட்டில்தான் இல்லை! தலைவர் மசியவில்லை. தாமே கோடரி எடுத்துக் காடு வெட்டப் போனார்.

தென்னாப்பிரிக்காவில் காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் அன்று தமிழ்ப் பகுதியும் உண்டு. அந்தப் பத்திரிகை 1903-லேயே இவரைப் பாராட்டி எழுதியது. பாராட்ட வேண்டியவர்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

பேரம்

இந்தக் கல்லூரி எப்படி வந்தது? அதைப் பார்க்க வேண்டும்.

1880 தேர்தல். வெள்ளைக்கார வேட்பாளர் ஒருவருக்குக் கறுப்பர் ஓட்டு தேவைப்பட்டது. உள்ளூரில் லூயிஸ் ஆடம்ஸ் என்று ஒரு தகர வேலைக்காரர். அவரும் முன்னாள் அடிமை. ஓட்டு வேண்டுமானால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றார். வேட்பாளர் ஜெயித்தார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். (இதுவே ஒரு அதிசயச் செய்திதான்!)

ஆக, கல்லூரிக்கு முதல் செங்கல் ஓட்டு.

அந்தக் கல்லூரியின் தலைவர் 1895-ல் அட்லாண்டா நகரில் பேசினார். முதலில் தொழில், சொத்து. உரிமைக்குக் கிளர்ச்சி இப்போது வேண்டாம் என்பது பேச்சின் சாரம். வெள்ளையர் கைதட்டினார்கள். கோடீஸ்வரர்களின் நன்கொடை குவிந்தது. 1901-ல் அலபாமா புதிய அரசியல் சட்டம் போட்டது. ஓட்டுத் தகுதியோடு இருந்த கறுப்பர் சுமார் 1,80,000 பேர். 1903-ல் பட்டியலில் மிஞ்சியது 3,000-க்கும் குறைவு!

அந்த ஆண்டே டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் இவரை எதிர்த்துப் புத்தகம் எழுதினார். ஓட்டில்லாதவன் சொத்தைக் கூடக் காப்பாற்ற முடியாது என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. தொழில் சொல்லிக் கொடுத்தது தப்பல்ல. உரிமையைத் தள்ளிப்போடச் சொன்னதுதான் தப்பு.

வாயைத் திறந்திருந்தால் கல்லூரியே மிஞ்சியிருக்காது என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. அதுவும் பொய்யல்ல. கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்ட காலம் அது.

ரகசியம்

அவர் சும்மா இருக்கவும் இல்லை. ஓட்டுரிமை கேட்டு ஜைல்ஸ் என்ற துப்புரவுத் தொழிலாளி வழக்குப் போட்டார். செலவுக்குப் பணம் யார் கொடுத்தது? இதே வாஷிங்டன்தான்! வக்கீலுக்குப் போன கடிதங்களில் புனைபெயர். வெளியே யாருக்கும் தெரியாது. 1903-ல் அந்த வழக்கு தோற்றது. 1904-ல் இன்னொன்றும் தோற்றது. மேடையில் ஒன்று, தபாலில் ஒன்று. ஓட்டின் அருமை தெரியாதவர் அல்ல. தெரிந்தும் வெளியே சொல்ல முடியாமல் இருந்தவர்.

சுமார் 34 ஆண்டு தலைவராக இருந்து, 1915 நவம்பர் 14-ல் இறந்தார். கல்லூரியில் அப்போது சுமார் 1,500 மாணவர்கள்.

1957-ல் டஸ்கீகி நகர எல்லையை அலபாமா அரசு மாற்றி வரைந்தது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கமுள்ள கோணல் உருவம் ஆயிற்று. சுமார் 400 கறுப்பு வாக்காளரில் நாலைந்து பேர் தவிர மற்றவர் எல்லாம் ஊருக்கு வெளியே. கல்லூரியும் வெளியே!

கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் கோமில்லியன் கோர்ட்டுக்குப் போனார். இந்தத் தடவை புனைபெயர் இல்லை. சொந்தப் பெயரிலேயே வழக்கு. சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். தேதி 1960 நவம்பர் 14.